மூன்று நூல்

அம்மாவின் பாதம்தான் அதை முதலில் கண்டுபிடித்தது. ஆனி பிறந்து பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கும். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது, பேரருவியில் கூட்டம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். காலையில் தன் அறையிலிருந்து பட்டாசலுக்கு, அதாவது கூடத்துக்கு, வந்த அம்மா, நிலையைத் தாண்டும்போது நின்றாள். எடுத்த வலது காலை மறுபடி அதே இடத்தில் வைத்துப் பார்த்தாள். "இங்கன என்னமோ ஏறிக்கிட்டு நிக்கு, பாரு" என்றாள். குனிந்து பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. உள்ளங்கையால் தடவியபோதுதான் தட்டுப்பட்டது. இரண்டு பலகைகள் சேரும் கோடு ஓர் அரிசிமணி உயரத்துக்கு எழும்பியிருந்தது. நாலாம் நாள் அது கண்ணுக்கே தெரிந்தது. நிலைக்கால் இரண்டுக்கும் நடுவில் பலகைகள் ஓட்டுக்கூரையின் முகடு போலத் தூக்கி நின்றன. காலை வைத்தால் தாழ்ந்தன, எடுத்தால் 'டக்'கென்று எழுந்தன.

பங்குனியில் நானே போட்ட தரை அது. சுவரில் ஆணி அடித்ததைத் தவிர அதற்கு முன் வீட்டில் எந்தக் கைவேலையும் செய்ததில்லை.

தென்காசியில் கோயிலுக்கு மேற்கே ஒரு தெருவில் எங்கள் வீடு. அப்பா கட்டியது. எல்லா அறையிலும் சிவப்புச் சிமெண்டுத் தரை. கொத்தனார் காவிப்பொடியைச் சிமெண்டில் கலந்து, கரணையால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றிவிட்டுப் போன தரை. சித்திரை வெயிலில் பாய்கூட இல்லாமல் அதில் படுத்துக் கிடப்பது ஒரு சுகம். சாரல் வந்துவிட்டால் அதே தரை வேறு குணம் கொள்ளும். உள்ளங்காலில் ஏறும் குளிர் முழங்கால்வரை போகும். எழுபது வயதைத் தாண்டிய அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி. வீட்டுக்குள் செருப்புப் போடச் சொன்னால் கேட்கமாட்டாள். சாமி இருக்கிற வீடு. விரிப்புப் போட்டால் அதன் ஓரம் தடுக்கும். அவள் அறைக்கும் பட்டாசலுக்கும் மட்டும் மரத்தரை போட்டுவிடலாம் என்று தோன்றியது. தேக்கில் போடப் பணம் இல்லை. லேமினேட் வாங்கினேன்.

கடைகளில் 'உட்டன் ஃப்ளோரிங்' என்று சொல்லித் தருவது பெரும்பாலும் இதைத்தான். மர நாரைப் பிசினோடு சேர்த்து அழுத்தி இறுக்கிய பலகை. அதன்மேல் மரத்தின் ரேகை அச்சிட்ட காகிதம். அந்தக் காகிதம் தேயாமல் இருக்க மெலமின் பிசினும் அலுமினியம் ஆக்சைடுத் துகளும் சேர்ந்த மேல்பூச்சு. நான் வாங்கியதன் மொத்தக் கனமே 8 மில்லிமீட்டர்தான். 1977இல் ஸ்வீடனின் பெர்ஸ்டார்ப் நிறுவனத்தில் பிறந்த பொருள் இது. சமையல் மேடைக்கு ஒட்டிக்கொண்டிருந்த லேமினேட்டை அவர்கள் தரைக்கு இறக்கினார்கள். 1990களின் நடுவில், ஒரு பலகையின் விளிம்பை மற்றதில் சாய்த்துச் சொருகிப் பூட்டும் முறை வந்தது. அதன்பின் பசையும் ஆணியும் இல்லாமல், முதல்முறை செய்கிறவரும் போடலாம் என்றாயிற்று.

மரத்தின் படத்தை விரித்து அதன்மேல் நடப்பதா என்று ஒரு மனக்குறை எனக்கு இருந்தது. அது தீர்ந்த இடம் குற்றாலம். நடராசருக்குச் சொல்லும் ஐந்து சபைகளில் சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, திருநெல்வேலி தாமிரம், திருவாலங்காடு ரத்தினம், குற்றாலம் சித்திரம். குற்றாலநாதர் கோயிலிலிருந்து கொஞ்சம் தள்ளி, குளத்தின் கரையில், செப்புத் தகடு வேய்ந்த கூரைக்குக் கீழே, இங்கே ஆடவல்லான் சுவரில் எழுதிய ஓவியமாக ஆடுகிறார். அந்த ஓவியத்துக்குத்தான் கும்பிடு. சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை அதன் முன்னால் நின்றிருக்கிறேன். படம் என்பதால் ஒன்று குறைந்துவிட்டது என்று இந்த ஊரில் பிறந்தவன் எண்ணுவது சரியில்லை என்று அன்றைக்குத் தோன்றியது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் படத்துக்குப் பின்னால் ஒரு பலகை இருக்கிறது. அது படமில்லை, மரம். ஆனி ஆடியில் அது என்ன செய்யும் என்று நான் யோசிக்காமல் விட்டேன்.

அறையின் நடுவில் தரை போடுவது அவ்வளவு கடினமில்லை. பொறுமை இருந்தால் போதும். ஒன்றரை அடிச் சதுரத்தில் பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டிச் சிவப்புத் தரையில் வைத்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டேன். மறுநாள் ஷீட்டின் அடிப்பக்கம் வேர்த்திருந்தது. பழைய வீடு, மண் ஈரம் மேலே ஏறுகிறது. அதனால் 200 மைக்ரான் பாலிதீன் விரித்து, அதன்மேல் 2 மில்லிமீட்டர் ஃபோம் விரித்து, அதன்மேல் பலகை. வாங்கிவந்த கட்டுகளை இரண்டு நாள் அந்த அறையிலேயே படுக்கப் போட்டு வைத்தேன். ஒரு வரிசையின் இணைப்பும் அடுத்த வரிசையின் இணைப்பும் ஒரு அடியாவது தள்ளி விழும்படி பார்த்துக்கொண்டேன். அம்மாவின் அறை ஒரே நாளில் முடிந்தது. பட்டாசலுக்கு ஒன்றரை நாள். இரண்டுக்கும் நடுவில் இருந்த ஒரு வாசலுக்கு இரண்டு நாள்.

அம்மாவின் அறையிலிருந்து புறவாசலுக்குப் போக இன்னொரு கதவு உண்டு. அங்கே எனக்கு ஒரு சங்கடமும் வரவில்லை. ஏன் என்று பிறகுதான் புரிந்தது. பழைய நிலை என்பது நாலு சட்டம். இரண்டு கால், மேலே ஒன்று, கீழே படி. புறவாசலுக்கு அப்பா அப்படித்தான் வைத்திருந்தார். தரை அந்தப் படிக்கு முன்னால் வந்து நிற்கிறது, அவ்வளவுதான். படி மழைத்தண்ணீரை மறித்தது, தேள் பூரான் வராமல் காத்தது, இரண்டு காலும் விலகாமல் பிடித்தது என்று சொல்வார்கள். அது தரைக்கும் ஒரு முடிவு கொடுத்தது என்பதைப் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறபோதுதான் கண்டுகொண்டேன். படியில் உட்காராதே, படியில் நின்று கொடுக்கவும் வாங்கவும் செய்யாதே, வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிக் குங்குமம் வை என்றெல்லாம் வளர்க்கப்பட்டோம். உள்ளும் இல்லாத வெளியும் இல்லாத இடம் என்றுதானே இரணியனுக்கு அது முடிவானது. நிலை வைக்கிற அன்று நல்ல நேரம் பார்த்து, மாவிலை கட்டி, அடியில் நவதானியமும் காசும் போட்டு நிறுத்துவதை வீடு கட்டிய எல்லாரும் செய்திருக்கிறோம்.

உள் அறைகளுக்கு மட்டும் அப்பா படி வைக்கவில்லை. மூன்று சட்ட நிலை. கால் தடுக்காது, பெருக்கித் துடைக்க வாகு. அம்மாவின் அறைக்கும் பட்டாசலுக்கும் நடுவில் இருந்தது அந்த நிலை.

தரை போடுவதைச் சொல்லித்தரும் வெளிநாட்டு விளக்கங்கள் எல்லாம் இந்த இடத்துக்கு ஒரே வழியைச் சொல்கின்றன. பலகையை நிலைக்காலின் வடிவத்துக்கு வெட்டாதே, நிலைக்காலின் அடியைப் பலகையின் கனத்துக்கு அறுத்துவிட்டுப் பலகையை அதன் கீழே சொருகு. அவர்கள் வீடுகளில் நிலையைச் சுற்றித் தெரிவது பெரும்பாலும் மெல்லிய மரப்பட்டைதான். அடியை அறுத்தால் ஒன்றும் ஆகாது. எங்கள் வீட்டில் இருப்பது நாலுக்கு மூணு தேக்குச் சட்டம், முழு மரம், அடி சிமெண்டுக்குள் புதைந்தது. அதில் ரம்பத்தை வைக்க எனக்கு மனம் வரவில்லை. அட்டையில் நிலைக்காலின் வடிவத்தை எடுத்து, அதன்படி பலகையின் மூலையை நறுக்கி, அரத்தால் ராவி ராவி, ஒரு தாள்கூட நுழையாதபடி நிலைக்காலோடு நெருக்கிப் பொருத்தினேன். அறையின் பலகையும் பட்டாசலின் பலகையும் இடையில் முறியாமல் ஒரே ஓட்டமாக ஓடின. அம்மாவின் கால் எங்கேயும் எதையும் உணரக்கூடாது என்பதுதான் என் எண்ணமாக இருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அந்த மூலையைத்தான் புகழ்ந்தார்கள். கெட்டதும் அந்த மூலைதான்.

இந்த ஊரே ஒரு வாசல். மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகச் சுவராக வந்து ஆரியங்காவுப் பக்கம் ஒரு கணவாய் விட்டிருக்கிறது. அந்த இடைவெளி வழியாகத்தான் கொல்லத்துக்குச் சாலை போகிறது. 1904இல் கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு ரயில் வந்ததும் அந்த வழியாகத்தான். 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் சேர்ந்திருந்தது. மலையின் வாசல் எந்த வீட்டைச் சேர்ந்தது என்பது அடிக்கடி மாறியிருக்கிறது, காற்றுக்கு அந்த வேறுபாடு கிடையாது. தென்மேற்குப் பருவம் தொடங்கியதும் அது கேரளத்தின் ஈரத்தைச் சுமந்துகொண்டு அந்த வாசல் வழியே உள்ளே வரும். மழையை மேற்கே கொட்டிவிட்டு, மிச்சத்தைத் தூவானமாக நம் மேல் தெளிக்கும். வெயிலும் இருக்கும், சட்டையும் நனையும். அதுதான் சாரல். காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும், அங்கே காற்று ஆளைப் பிடித்துத் தள்ளும். அதே காற்றை நம்பித்தான் சுரண்டை, பாவூர்சத்திரம் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன.

அந்த மாதங்களில் உப்புச் சாடியில் உப்பு நீர்த்துக் கிடக்கும். பொரித்த அப்பளம் இலைக்கு வருவதற்குள் நமத்துப் போகும். பீரோக் கதவும் அறைக்கதவும் பிடிக்கும், தோளைக் கொடுத்துத் தள்ளவேண்டும். இதெல்லாம் பிறந்ததிலிருந்து தெரிந்தவை. தரைக்கும் அதுதான் நடக்கும் என்று சேர்த்துப் பார்க்கத்தான் வரவில்லை.

தேக்கோ வேங்கையோ ஈரம் குடித்தால் அகலவாக்கில் பருக்கும், நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. நாரை இறுக்கிச் செய்த பலகைக்கு ரேகை கிடையாது. அது நீளத்திலும் அகலத்திலும் சேர்ந்தே பருக்கும். தரை போடுகிறவர்கள் கைக்கணக்காக மீட்டருக்கு ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் என்பார்கள். அதனால்தான் சுவர் ஓரமெல்லாம் 8 முதல் 12 மில்லிமீட்டர்வரை விட்டுப் போடச் சொல்வது. சுவர் ஓரங்களில் நானும் விட்டிருந்தேன், அதன்மேல் ஸ்கர்ட்டிங் பட்டை மறைக்கிறது. அம்மாவின் அறை 14 அடி, பட்டாசல் 20 அடி. இரண்டையும் ஒரே தரையாக்கியதால் 34 அடி, பத்து மீட்டருக்கு மேல். அத்தனை நீளமும் பருத்தால் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாது. அது போக இடம் தேடும்போது, நடுவில் இரண்டு நிலைக்கால்கள் அதைக் கழுத்தில் பிடித்திருந்தன. பக்கவாட்டில் போக வழியில்லை, மேலேதான் போகமுடியும்.

எங்கள் வீட்டு நிலைகளைச் செய்த ஆசாரியின் மகனைக் கூப்பிட்டேன். அவருக்கே இப்போது அறுபத்தைந்து வயதிருக்கும். முகடு கட்டி நின்ற தரையைப் பார்த்தவர், அதைத் தொடாமல் நிலைக்காலைத் தொட்டுப் பார்த்தார்.

"எத்தன நூல் விட்டிய, தம்பி?"

"எதுக்கு அண்ணாச்சி?"

"பலகைக்குத்தான். மரம்னா ஆடும்லா."

நூல் என்பது ஆசாரிமார் கணக்கு. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. சுவர் ஓரத்தில் விட்டிருக்கிறேன், நிலை ஓரத்தில் விடவில்லை, விட்டால் ஓட்டை தெரியுமே என்றேன். அவர் பதில் சொல்லாமல் திறந்திருந்த கதவைத் தன் பக்கம் இழுத்தார். எங்கள் வீட்டுக் கதவுகள் பழைய சட்டக் கதவுகள். சுற்றிலும் தேக்குச் சட்டம், நடுவில் பலகைகள். கட்டைவிரலை ஒரு பலகையின் ஓரத்தில் வைத்து அழுத்தினார்.

"இந்தப் பலகைய எப்படி நிறுத்தியிருக்குன்னு தெரியுமா? சட்டத்துல காடி எடுத்து, அதுக்குள்ள விட்டிருக்கு. சட்டத்துக்கும் சட்டத்துக்கும் கழுந்து, துளை, பசை, ஆப்பு எல்லாம் உண்டு. பலகைக்கு ஒண்ணும் கிடையாது. காடிக்குள்ள பசை வைக்கமாட்டோம். வச்சோம்னா ஒரு வருசத்துல வெடிச்சிரும். இப்ப இது ஊறி நெறைஞ்சு நிக்கு. மாசி பங்குனியில வந்து பாருங்க, ஓரத்துல ஒரு நூலுக்கு வர்ணம் இல்லாத மரம் தெரியும்."

நான் அந்தக் கோட்டைப் பார்த்திருக்கிறேன். நாற்பது வருடமாகப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு கோடையிலும் அந்தக் கதவுகளில் பலகை ஓரமாக வெளிறிய மரம் ஒரு கோடாகத் தெரியும். வர்ணம் அடித்தவர் தூரிகையைச் சரியாக ஓட்டவில்லை என்றுதான் இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன். பருத்திருந்த காலத்தில் காடிக்குள் மறைந்திருந்த மரம், இளைத்ததும் வெளியே வந்து தெரிகிறது. இந்த ஊரின் ஈரத்தை அளந்து குறித்துவைக்கும் ஒரு கோடு என் தலைமாட்டுக் கதவிலேயே இருந்திருக்கிறது.

அன்று இரவு வெகுநேரம் அந்தக் கதவை யோசித்துக்கொண்டிருந்தேன். 'மிதக்கும் தரை' என்று லேமினேட்டுக்கு ஒரு பெயர் உண்டு. அடித்தரையோடு எங்கும் ஒட்டாமல், தன் எடையிலேயே கிடப்பதால் அந்தப் பெயர். எனக்கு அது ஸ்வீடனிலிருந்து வந்த புது யோசனையாகத் தெரிந்தது. கதவுப் பலகையும் மிதக்கிற பலகைதான். சட்டம் நிற்கும், பலகை அசையும், இரண்டும் சந்திக்கும் ஓரத்தில் ஒரு காடி இருவருக்கும் இடம் கொடுக்கும். 'நிலை' என்ற சொல்லுக்கே அப்போதுதான் முழுப்பொருள் கிடைத்த மாதிரி இருந்தது. நிற்பது நிலை. கோபுரத்தின் ஒவ்வொரு அடுக்கையும் நிலை என்கிறோம், அங்கேயும் ஒரு வாசல் திறந்திருக்கும். வீட்டில் எல்லாம் அசைகிற காலத்தில் அசையாமல் இருப்பதற்கென்று ஒன்றை நட்டு அதற்கு அந்தப் பெயரை வைத்தார்கள். அசைகிற ஒன்றைக் கொண்டுபோய் நான் அதோடு நெருக்கி வைத்தேன். பொருத்தம் என்பதை நெருக்கம் என்று எடுத்துக்கொண்டதுதான் பிழை. அன்போடு செய்த பிழை என்பதால்தான் அதை இங்கே இவ்வளவு விரித்துச் சொல்கிறேன். வீட்டில் வயதானவர்களுக்காக ஏதாவது செய்கிறபோது, எங்கேயும் சந்து தெரியக்கூடாது, கோடு தெரியக்கூடாது என்ற பதற்றம் வந்துவிடுகிறது.

மறுநாளே சரிசெய்துவிடலாம் என்று அவரைக் கேட்டேன். மறுத்துவிட்டார். "இப்ப எடுக்கிற அளவு பொய் அளவு. ஆடியில இழைச்ச கதவு பங்குனியில ஆடும். தை கழியட்டும்." முகடு கட்டிய பலகைகளை மட்டும் கழற்றிப் போட்டோம். கழற்றியதும் இரண்டு பக்கத் தரையும் பெருமூச்சு விட்டதுபோல் தாழ்ந்து படிந்தன. நிலைக்கு நடுவில் இரண்டடி அகலத்துக்குப் பழைய சிவப்புத் தரை வெளியே வந்தது. பாலிதீனுக்கு அடியில் அது ஒரு கீறலும் இல்லாமல் அப்படியே இருந்தது. ஓரத்தில் ஈரம் கோடு போட்டிருந்தது, துடைத்ததும் போய்விட்டது. ஒட்டாத தரையின் நன்மை அது, அடியில் இருப்பதை அது கெடுப்பதில்லை. ஏழு மாதம் அம்மா அந்த இரண்டடிச் சிவப்பைத் தாண்டித்தான் போனாள் வந்தாள். சாக்கு மடித்துப் போட்டேன், எடுத்துவிட்டாள். "தெரிஞ்ச தரைதான, இருக்கட்டும்" என்றாள்.

மாசியில் வேலையைத் தொடங்கினோம். இந்த முறை நிலைக்காலை அறுத்தோம். முதலில் ஒரு துண்டுப் பலகையைத் துண்டு ஃபோமோடு நிலைக்காலின் பக்கத்தில் வைத்தார். இரண்டும் சேர்ந்து 10 மில்லிமீட்டர், மூன்று நூலுக்கு மயிரிழை கூட. அதன்மேல் கைரம்பத்தைப் படுக்கவைத்து அறுத்தால் பலகையின் கனத்துக்குச் சரியான உயரத்தில் வெட்டு விழும், அளவுகோலே வேண்டாம். எவ்வளவு ஆழம் அறுப்பது என்பதுதான் நம் ஊர் நிலைக்குப் பெரிய கேள்வி. காலை முழுக்க அறுத்துவிட்டால் அது சுவரில் பதித்த இரும்புப் பிடிப்புகளில் மட்டும் தொங்கும். ஆறு நூல் போதும் என்றார். ரம்பத்தின் அலகில் ஆறு நூலுக்கு டேப் ஒட்டிக்கொண்டு, அந்த டேப் மரத்தைத் தொட்டதும் நிறுத்தினார். பிறகு உளியால் அடியைப் பெயர்த்தெடுத்தார். முக்கால் அங்குல ஆழத்தில் ஒரு சிறு குகை. சுவரைத் தொடும் பக்கத்தில், அவர் அப்பா கரையானுக்காகப் பூசிய தார் இன்னும் கருப்பாக இருந்தது. அவர் அதை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். புதிதாக வெட்டுப்பட்ட மரத்துக்கு வார்னிஷ் கொடுத்தார். மரம் அடிமுனை வழியாகத்தான் அதிகம் தண்ணீர் குடிக்கும் என்பதால், தரை துடைக்கிற வீட்டில் அதைப் பச்சையாக விடக்கூடாது.

ஆறு நூல் என்று அவர் சொன்ன கணக்கின் அழகு பலகையை வைக்கும்போதுதான் தெரிந்தது. நிலைக்கு உள்ளே ஓடும் பலகையின் நீளம், இரண்டு காலுக்கும் நடுவிலுள்ள தூரத்தோடு ஆறு நூல் கூட. அதன் இரண்டு முனையும் இரண்டு காலுக்கு அடியில் போகவேண்டும். ஒரே சமயத்தில் எப்படிப் போகும்? பலகையை இடது காலுக்குள் ஆறு நூலும் முழுக்கத் தள்ளினார். வலது முனை வலது காலைச் சரியாகத் தாண்டித் தரையில் படுத்தது. பிறகு வலது பக்கமாக மூன்று நூல் இழுத்தார். இப்போது இடதில் மூன்று நூல் பலகை, மூன்று நூல் வெற்றிடம். வலதிலும் அப்படியே. கடைகளில் ஷோகேஸ் கண்ணாடியை மேல் காடிக்குள் முழுக்க ஏற்றிவிட்டுக் கீழ்க் காடிக்கு இறக்குவார்கள் அல்லவா, அதே வித்தை. மேலிருந்து பார்த்தால் பலகை நிலைக்காலுக்கு அடியில் போய் மறைகிறது. ஒரு சந்தும் தெரியாது. போன வருடம் நான் அரத்தால் ராவிப் பொருத்தியதைவிடச் சுத்தமாக இருந்தது.

ஒரு சிக்கல் பாக்கி. இந்தப் பலகைகள் சாய்த்துச் சொருகினால்தான் பூட்டும், நிலைக்காலுக்கு அடியில் சாய்க்க இடமில்லை. முந்தின வரிசையின் பூட்டுவாயில் மேடாக நிற்கும் உதட்டை உளியால் சீவிவிட்டு, அந்த ஓரத்துக்கு மட்டும் மரப்பசை தடவி, பலகையைப் படுக்கையாகவே தள்ளிச் சேர்த்தோம். பசை பலகைக்கும் பலகைக்கும் நடுவில்தான். தரைக்கும் நிலைக்கும் ஒரு சொட்டுப் படவில்லை.

கடைசியாக நடுக்கோடு. அறையின் தரை வேறு, பட்டாசலின் தரை வேறு என்று இந்த முறை ஒப்புக்கொண்டோம். கதவை மூடினால் அதன் அடி எந்தக் கோட்டில் வருமோ அங்கே இரண்டு தரையும் ஆறு நூல் விலகி நின்றன. அந்தச் சந்துக்குள் சிமெண்டுத் தரையில் அலுமினிய டி-பட்டியைத் திருகாணி போட்டு நிறுத்தினோம். அதன் இரண்டு சிறகும் இரண்டு பக்கப் பலகைமேல் சும்மா படிந்திருக்கும், பிடிக்காது. கதவு மூடியிருக்கும்போது எந்த அறையிலிருந்து பார்த்தாலும் பட்டி தெரியாது. கதவின் அடியை அதற்காக இன்னும் இரண்டு நூல் இழைக்கவேண்டியிருந்தது. கீலைக் கழற்றிக் கதவைப் பட்டாசலில் சாய்த்து வைத்தபோது, பலகை ஓரத்தில் அவர் சொன்ன வெளிறிய கோடு தெளிவாகத் தெரிந்தது. நகத்தால் அளந்தேன். ஒரு நூலுக்குச் சற்றுக் குறைவு.

பட்டி விரலுயரம்கூட இல்லை, ஆனாலும் அம்மாவின் கால் அதை அறிந்துகொண்டது. எந்தக் கால் அரிசிமணி உயரத்தைக் கண்டுபிடித்ததோ அதற்கு இது தெரியாமல் இருக்குமா? முதல் நாள் நின்று, பெருவிரலால் தடவிப் பார்த்து, தாண்டினாள். "படி மாதிரி வச்சிட்டியே" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பட்டியின் இரண்டு முனையிலும், நிலைக்கால் ஓரமாக, குங்குமம் இருந்தது.

காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், 15ஆம் நூற்றாண்டில், அங்கே கல்லில் பாடல் வெட்டிவைத்திருக்கிறான். வருங்காலத்தில் இந்தக் கோயிலுக்குப் பழுது வந்து, அதை யார் செப்பனிட்டாலும், அவர்கள் பாதத்தில் இப்போதே விழுந்து வணங்குகிறேன் என்பது அதன் பொருள். கட்டியவனே, இது பழுதாகும் என்று கல்லில் ஒப்புக்கொண்ட வேறோர் இடத்தை நான் பார்த்ததில்லை. பழுது வரத்தான் செய்தது. கோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்றது. 9 நிலைகளோடு, 178 அடி உயரத்தில் மறுபடி எழும்பிக் குடமுழுக்குக் கண்டது 1990இல். அந்த வருடத்துக் கூட்டம் எனக்கு நினைவிருக்கிறது, அப்பாவின் தோளில் இருந்து பார்த்தேன். கோபுரம் எங்கே, ஒரு வீட்டின் உள்வாசல் எங்கே. ஆனாலும் பட்டியைத் திருகி மூடுவதற்கு முன்னால், அந்தச் சந்தில் தெரிந்த சிவப்புத் தரையில் பென்சிலால் எழுதிவைத்தேன்: மாதம், வருடம், நிலைக்காலுக்கு உள்ளே மூன்று நூல் விட்டிருக்கிறது, நடுவில் ஆறு நூல், நிலைக்காலை முழுக்க அறுக்கவில்லை. இந்தத் தரையை என்றைக்காவது யாராவது பெயர்ப்பார்கள். அவர்களுக்கு அது உதவும்.

இந்த ஆடியில் சாரல் நன்றாக இருந்தது. ஐந்தருவியில் ஐந்து கிளையிலும் தண்ணீர். அறைக்கதவு வழக்கம்போல் பிடித்தது. ஒருநாள் மத்தியானம் அம்மா தூங்கும்போது, அவள் அறையின் மேற்குச் சுவரில் ஸ்கர்ட்டிங் பட்டையை ஒரு முழம் கழற்றினேன். மாசியில் அங்கே இடைவெளி விடுவதற்குப் பயன்படுத்திய மூன்று நூல் ஆப்பு என்னிடம் இருந்தது. சுவருக்கும் பலகைக்கும் நடுவில் வைத்துப் பார்த்தேன். நுழையவில்லை. இரண்டு நூல் துண்டு ஒன்றைச் சீவி வைத்தேன். நுழைந்தது.